குருவிக்கும் ஒரு வீடு வேண்டும்

சிட்டுக்குருவியைத் தெரியாதவர் யார்? உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பறவை அது. எடை 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். ஆண் குருவியின் தொண்டை கறுப்பாக இருக்கும். பெண் குருவிக்கு அந்தக் கறுப்பு இல்லை. அது வெளிர் பழுப்பு நிறமாக இருக்கும்.

சிட்டுக்குருவி நடுக்காட்டில் வாழ்வதில்லை. மனிதர் வீடு கட்டிக் குடியிருக்கும் இடமே அதற்கும் இடம். பல ஆயிரம் ஆண்டுகளாக அது நம்மோடு வாழ்கிறது. பிறந்த இடத்தை விட்டு அது வெகுதூரம் போவதும் இல்லை.

ஆனால் இன்று பெரிய நகரங்களின் பல தெருக்களில் குருவிச் சத்தம் கேட்பதில்லை. டில்லி அரசு 2012-ஆம் ஆண்டில் சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. குறைந்து வரும் குருவியைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2010 முதல் ஆண்டுதோறும் மார்ச் 20-ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

குருவி அழிந்துவிட்டதா?

இல்லை. 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளிவந்தது. 15,000-க்கும் அதிகமான பறவை ஆர்வலர்கள் பார்த்து எழுதிய குறிப்புகளைக் கொண்டு அதைத் தயாரித்தார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை என்று அது கூறியது. ஆனால் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் அது மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது.

அப்படியானால் நகரத்துக் குடியிருப்புகளில் எது மாறியது?

வீடு மாறியது

ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருக்கும். கூரை வீட்டில் மூங்கில் இடுக்கு இருக்கும். மண் சுவரில் பொந்து இருக்கும். குருவி அங்கே வைக்கோலையும் நாரையும் சேர்த்துக் கூடு கட்டும்.

இன்றைய கான்கிரீட் வீட்டில் இடுக்கு இல்லை. சுவர் வழவழப்பாக இருக்கிறது. சன்னலுக்குக் கண்ணாடியும் கொசுவலையும் போட்டுவிட்டோம். குருவி எங்கே முட்டையிடும்?

இரையும் மாறியது

முன்பு வாசலில் தானியம் காய வைப்பார்கள். முறத்தில் அரிசி புடைப்பார்கள். சிதறிய நொய்யைக் குருவி பொறுக்கித் தின்னும். இன்று அரிசி சுத்தம் செய்யப்பட்டு, பையில் அடைக்கப்பட்டு வருகிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தானியம் பெரிய குருவிக்குத்தான் உணவு. குஞ்சுக்கு அது போதாது. முட்டையிலிருந்து வந்த முதல் நாட்களில் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் வேண்டும். தாயும் தந்தையும் மாறி மாறிப் பறந்து பச்சைப் புழு, அசுவினி, சிறு வண்டு ஆகியவற்றைக் கொண்டுவந்து ஊட்டும்.

புழு எங்கே கிடைக்கும்? செடியிலும் வேலியிலும் கிடைக்கும். உயிர்வேலியை வெட்டிவிட்டு மதில் சுவர் கட்டினோம். வெறும் மண் தெரியாமல் சிமெண்ட் போட்டோம். மிச்சம் இருக்கும் செடிக்கும் பூச்சிமருந்து அடித்தோம். புழு குறைந்தால் குஞ்சு பசியால் சாகும்.

புறா எப்படிப் பெருகுகிறது?

அதே நகரங்களில் மாடப்புறாக்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. இது எப்படி?

புறாவுக்குப் பொந்து தேவையில்லை. சன்னல் மேடையிலும் குளிர்சாதனப் பெட்டியின் மேலும் அது முட்டையிடும். அதன் குஞ்சுக்குப் புழுவும் தேவையில்லை. புறாவின் தொண்டைப் பையில் பால் போன்ற ஒரு பொருள் சுரக்கும். அதையே குஞ்சுக்கு ஊட்டும். ஆகவே அடுக்குமாடி வீடு புறாவுக்கு ஒத்துப்போகிறது. குருவிக்கு ஒத்துப்போகவில்லை.

செல்போன் கோபுரம்தான் காரணமா?

பலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2020 அறிக்கை கூறுகிறது. பூச்சிகள் குறைந்ததும், கூடு கட்ட இடம் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்று அது சொல்கிறது. கோபுரத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு இருந்தால் குருவி திரும்பி வராது. இடமும் இரையும் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

1. மரப்பெட்டியிலோ மண்கலயத்திலோ ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஓர் ஓட்டை போடுங்கள். ஓட்டை பெரிதானால் மைனா புகுந்துவிடும்.

2. அதை வெளிச்சுவரில், நிழலான இடத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மின்விசிறி சுற்றும் அறையில் வைக்க வேண்டாம். குருவி அடிபட்டுச் சாகும்.

3. குருவிகள் கூட்டமாக வாழும். அக்கம்பக்கத்து வீட்டாரும் சேர்ந்து பெட்டி மாட்டினால் நல்லது.

4. மருதாணி, முருங்கை, அவரை போன்றவற்றை வளர்க்கலாம். பூச்சிமருந்து அடிக்க வேண்டாம்.

5. அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். கொஞ்சம் வெறும் மண்ணையும் விட்டு வையுங்கள். குருவி புழுதியில் குளிக்கும்.

6. வீட்டைப் பழுது பார்க்கும்போது பொந்துகளைப் பார்த்துவிட்டு அடையுங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

பெட்டி மாட்டிய மறுநாளே குருவி வந்துவிடாது. பக்கத்துத் தெருவில் குருவி இருந்தால் விரைவில் வரலாம். ஒரு பகுதியில் எல்லாக் குருவிகளும் போய்விட்டால் மீண்டும் வருவது கடினம். அதனால் நாலு குருவி மிச்சம் இருக்கும்போதே இடம் கொடுக்க வேண்டும்.

படித்தோம், பேசுவோம்

1. குருவிக் குஞ்சுக்கு அரிசி மட்டும் ஏன் போதாது?
2. புறாவுக்கும் குருவிக்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. உங்கள் தெருவில் எந்த வீடுகளில் குருவி வருகிறது? அங்கே பொந்து இருக்கிறதா? செடி இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.