மலைச்சரிவு இழுபடும் அறிகுறிகள்

மரக்கறி நிறுக்கும் வில்தராசைக் கமக்காரர் அனைவரும் அறிவர். 2 கிலோவுக்கு நீளும் அளவைப்போல இருமடங்கு, 4 கிலோவுக்கு அதன் சுருள்வில் நீளும். பாரத்தை எடுத்தால் பழைய நிலைக்கு மீளும். இவ்விதியை ஆங்கில அறிஞர் றொபேட் ஊக் 1678ஆம் ஆண்டில் விளக்கினார். ஆயின், தாங்கும் எல்லைக்கு மேல் பாரம் ஏற்றினால் வில் நிரந்தரமாக நீண்டுவிடும். முள் பூச்சியத்துக்குத் திரும்பாது.

மலைச்சரிவின் மண்ணும் தன் பாரத்தால் ஓயாது கீழ்நோக்கி இழுக்கப்படுகின்றது. ஆனால் வில்லைப்போல மீளும் தன்மை அதற்கு மிகக் குறைவு. மழைக்காலத்தில் இரு தீமைகள் ஒருங்கே நேர்கின்றன. ஓர் ஏக்கரில் 75 மில்லிமீற்றர் மழைநீர் முழுவதும் ஊறினால் ஏறக்குறைய 300 தொன் பாரம் கூடும். மண் துணிக்கைகளிடையே நிறையும் நீர் அவற்றின் பிடிப்பையும் தளர்த்தும்.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒற்றோபர் 29ஆந் திகதி காலை, கடும் மழையின் பின் சரிந்த மண் லயன்களை மூடிப் பல உயிர்களைப் பலிகொண்டது. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள்:

1. சரிவுக்குக் குறுக்கே பிறைபோல ஓடும் வெடிப்பு. அதன் கீழ்ப்புறம் தாழ்ந்திருத்தல். (கோடையில் காயும் நிலம் வலைபோல் வெடிக்கும், அது வேறு.)
2. மரங்களும் வேலிக்கம்பங்களும் புதிதாகச் சாய்தல்.
3. சுவர் பிளத்தல், கதவு இறுகுதல்.
4. ஊற்று திடீரெனத் தோன்றுதல், வற்றுதல் அல்லது கலங்குதல்.

செய்யவேண்டியவை:

1. மழையற்ற நாளில் வெடிப்பின் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை அளந்து குறித்து வைக்கவும். இடைவெளி கூடினால் மண் இன்னும் நகர்கின்றது என்பது பொருள்.
2. வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மேற்புற நீரை வடிகான் மூலம் அப்பால் திருப்பவும்.
3. சரிவின் அடியை வெட்டி நிலம் பெருப்பிக்கலாகாது. வெடித்த சரிவின் பாத்திகளில் நீர் தேக்கலாகாது.
4. அறிகுறி கண்டவுடன் கிராம உத்தியோகத்தருக்கு அறிவிக்கவும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் கூறலாம்.
5. மழை வேளையில் அறிகுறி தோன்றினால் அளக்கச் செல்லாது, குடும்பத்தாருடன் உடனே வெளியேறவும்.

இழந்த பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் நடலாம், உயிர் அவ்வாறன்று.