மைக் ஒயருக்கு ஒரு கவசம்

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள சந்தவாசல் எனது ஊர். சென்ற ஆண்டுத் திருவிழாவில் ஓரிரவு 'கர்ண மோட்சம்' கூத்து நடந்தது. என் பெரியப்பாதான் கர்ணன். அவர் பாட்டெடுத்ததும் ஒலிபெருக்கியில் 'உம்' என்றோர் இரைச்சல் எழுந்து குரலை விழுங்கிற்று. பின்வரிசைக் கூட்டம் எழுந்து போகத் தொடங்கியது.

எர்த்தைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும் என்று எங்கோ கேட்டிருந்த நான், இயற்பியல் மாணவன் என்ற தைரியத்தில் பிளக்கை நோக்கிக் கையை நீட்டினேன். மைக் செட் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். "தம்பி, எர்த்தைப் புடுங்கினா சத்தம் போவுதோ இல்லியோ, மைக்கைத் தொடுற ஆளு போயிடுவான்" என்றார்.

பிறகு அவர் மைக் ஒயரைத் தடவிக்கொண்டே நடந்தார். நீளம் போதாமல் நடுவில் சாதாரண இரட்டை ஒயரை யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். அதுவும் சீரியல் விளக்கு ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதை நீக்கி, முழுதும் ஷீல்டு ஒயராக வேறு வழியில் இழுத்தார். இரைச்சல் அடங்கிற்று, கர்ணனின் குரல் கணீரென்று கேட்டது.

இதன் காரணத்தைச் சற்றுக் காண்போம். மைக் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. விளக்கு ஒயரிலோ 230 வோல்ட். இரண்டு மில்லிவோல்ட்டோடு ஒப்பிட்டால் இது லட்சம் மடங்குக்கும் மேல்! அருகருகே ஓடும் இரு கம்பிகள் ஒரு சிறு மின்தேக்கி போல் இயங்குவதால், வினாடிக்கு 50 முறை அலையும் மின்னோட்டத்தின் சாயல் மைக் கம்பியில் ஏறுகிறது. ஆம்ப்ளிபையர் குரலோடு அதையும் பெருக்கிவிடுகிறது.

ஷீல்டு ஒயரில் உட்கம்பியைச் சுற்றிச் செம்பு வலை பின்னப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின்புலம் இவ்வலையோடு நின்று, ஆம்ப்ளிபையரின் உடல் வழியே நிலத்துக்குப் போய்விடும். 1836-இல் மைக்கேல் பாரடே கூண்டு போன்ற அறையைக் கட்டி மெய்ப்பித்த தத்துவமே இது.

ஆயினும் செம்பு வலை எல்லாவற்றையும் தடுத்துவிடாது. டிரான்ஸ்பார்மரின் 50 சுழற்சிக் காந்தப்புலம் அதை எளிதில் ஊடுருவும். அதற்கு மருந்து, விலகி இருப்பதும் இரு கம்பிகளை முறுக்குவதும். முறுக்கிய கம்பிகளில் இரைச்சல் சமமாக ஏறுவதால், இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுக்கும் கருவியில் அது கழிந்துவிடும். கிரகாம் பெல் 1881-இலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். மைக் ஒயர் மின் ஒயரைக் கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்க வேண்டும், இணையாக ஓடலாகாது. ஸ்பீக்கர் ஒயரில் செல்வது ஏற்கெனவே பெருக்கப்பட்ட மின்சாரமாதலால் அதற்குக் கவசம் தேவையில்லை.

நம் மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தையும் இங்கு நினைக்கலாம். மங்கிய விண்மீன் ஒளியை நகர விளக்குகள் மூழ்கடிக்காத இடம் என்றே அதனை அங்கு அமைத்தனர். நுண்ணியதைக் காக்க, வலியதை விலக்கி வைக்க வேண்டும் என்பதே இரண்டிலும் நியதி.

இனி எர்த்துக்கு வருவோம். மைக்கின் உலோக உடலையும் ஆம்ப்ளிபையரின் உடலையும் இணைப்பது இந்தச் செம்பு வலைதான். எர்த் இல்லாதபோது ஆம்ப்ளிபையருக்குள் மின்காப்பு பழுதானால், 230 வோல்ட்டும் அவ்வலை வழியே மைக்கைத் தொடுபவரை அடையும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆடும் கூத்தாடியின் கதி என்னவாகும்!

அன்று நான் அறிந்தது அரைப் பாடம். மீதியை அந்த அண்ணனே கற்பித்தார். நண்பர்களே, இரைச்சல் கேட்டால் ஒயரைத் தேடுங்கள், எர்த்தைத் தொடாதீர்கள்.