வளையத்துக்கு என்ன வேலை?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இருபது நொடி வீடியோவை மூன்று முறை பார்த்தேன். கூடவே கேட்டிருந்தாயே, "சார், எந்தப் பிளகின் போட்டால் 'அயர்ன் மேன்' திரை மாதிரி வரும்?" என்று, அந்தக் கேள்வி இரண்டு நாளாக உறுத்துகிறது. கீஃபிரேமும் ஷேப் லேயரும் உனக்குக் கைவந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

1981இல் வந்த 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' படத்தைத் தேடிப் பார். நாயகன் இருட்டில் கிளைடரை ஓட்டிக்கொண்டு மன்ஹாட்டனில் இறங்குகிறான். எதிரே உள்ள சின்னத் திரையில் கட்டடங்கள் வெறும் கோடுகளாக நெருங்கி வருகின்றன. பார்க்கிறவர்கள் அதைக் கம்ப்யூட்டர் வரைந்தது என்றே நினைப்பார்கள். உண்மையில் அன்று அப்படி வரைவது கட்டுப்படியாகாத செலவு. நகரத்தைச் சிறிய மாதிரியாகச் செய்து, கறுப்பு அடித்து, கட்டடங்களின் மேல் கட்டம் கட்டமாகப் பளிச்சிடும் நாடாவை ஒட்டி, நடுவே கேமராவை நகர்த்திப் படம் பிடித்தார்கள். பெயின்டும் நாடாவும்தான் தம்பி, பிளகின் இல்லை! இன்றைக்கும் அந்தக் காட்சி ஏன் நிற்கிறது? இருட்டில் இறங்குகிறவனுக்குச் சுவர் எங்கே என்று தெரிய வேண்டும். திரை அதை மட்டும் சொல்கிறது. ஜன்னல் இல்லை, நிழல் இல்லை, ஓரத்தில் சுற்றும் சக்கரம் இல்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது. இதன் பின்னால் போய்த்தான் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போர் விமானங்களைப் பற்றிப் படித்தேன். இந்த மாதிரித் திரையை நீங்கள் எல்லோரும் 'ஹெச்.யு.டி.' (ஹெட்-அப் டிஸ்ப்ளே) என்கிறீர்களே, அது அங்கே பிறந்தது. விமானி தலையைக் குனியாமல் வேகத்தையும் உயரத்தையும் படிக்கக் கண்ணெதிரே ஒரு கண்ணாடி. அதில் தெரியும் எழுத்துகள் வெகுதூரத்தில் இருப்பது போல ஒளியை அமைத்திருப்பார்கள். வானத்தைப் பார்க்கும் கண் மறுபடி கிட்டத்தில் பார்ப்பதற்கு மாற வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரே பச்சை நிறம். அழகுக்காக அதில் ஒரு கோடுகூடச் சேர்க்கமாட்டார்கள்.

உன் வீடியோவில் ஏழு வளையங்கள். ஏழும் ஒரே வேகத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை சுற்றுகின்றன. பக்கத்தில் எண்கள் பிரேமுக்குப் பிரேம் தாறுமாறாகக் குதிக்கின்றன. யார் அதைப் பார்க்கிறார்கள்? எதைத் தெரிந்துகொள்ள? டெம்ப்ளேட்டை வாங்கி அடுக்குவதை டிசைன் என்று சொல்லாதே. எனக்குக் கோபம் வருகிறது.

இப்படிச் செய். நடுக்கடலில் ஒரு படகு, டீசல் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு வளையம், ஒரு எண். இரண்டையும் ஒரே ஸ்லைடரில் கட்டு. வளையத்தின் டிரிம் பாத் குறையக் குறைய எண்ணும் கூடவே இறங்க வேண்டும். 100இலிருந்து 20க்கு 50 பிரேம். உன் வீடியோ நொடிக்கு 25 பிரேம், ஆக இரண்டு நொடி. கடைசிப் பத்து பிரேமில் வேகம் தணியட்டும். 20ஐத் தொட்டதும் வளையம் ஆரஞ்சு நிறமாகி நிற்கட்டும். பிறகு ஒரு நொடி எதுவும் அசையக் கூடாது. குளோவை எல்லாம் முடிந்த பிறகு போடு. முதலிலேயே போட்டால் கோட்டின் தடிமன் சரியா தப்பா என்று உனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவை. இசை சேர்க்காதே, ஓசையில்லாமல் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்