அறிவு 8 கொண்ட வீரன்

மேசையைச் சுற்றி அமர்ந்து கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, லாகவம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு திறன்கள் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே இந்த ஆறும் இருந்தன. அன்று மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டி எழுதினார்கள். இன்று நான்கை உருட்டிச் சிறியதைத் தள்ளுகிறார்கள், அல்லது 27 புள்ளிகளைப் பங்கிடுகிறார்கள். எப்படியானாலும் ஏதாவது ஒரு திறன் 8-இல் வந்து நிற்பது சகஜம்.

அந்த 8-ஐக் குணமாகப் படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அறிவு 8 என்றதும் பாத்திரத்தை மடையனாக்கிவிடுகிறார்கள். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று அது திகைக்கும். முதல் நாள் மேசை முழுக்கச் சிரிப்பு. அதன்பின் திட்டம் போடும்போது அதை யாரும் கேட்பதில்லை. ஆடுபவருக்கும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. மாதக்கணக்கில் நீளும் கதையில் இது பேரிழப்பு. கணக்கும் இந்த நடிப்புக்குத் துணை நிற்பதில்லை. ஐந்தாம் பதிப்பில் 8 என்றால் உருட்டும் எண்ணில் ஒன்று குறையும், அவ்வளவே. 15 எட்ட வேண்டிய சோதனையில் சராசரி அறிவுள்ளவருக்கு இருபது முகப் பகடையின் ஆறு முகங்கள் கைகொடுக்கும். 8 உள்ளவருக்கு ஐந்து. ஒரு முக வித்தியாசத்துக்கு மடையன் பட்டம் அநியாயம்.

காரியம் கைகூடும் வாய்ப்பைத்தான் எண் சொல்கிறது. எந்தக் காரியத்தில் இறங்குவது, யாரை மன்னிக்க மறுப்பது என்பவை குணத்தின் பாடு. அதே அறிவு 8 கொண்ட வீரன் ஒருவன், முன்பு ஒரு வணிகனிடம் ஏமாந்தவன். எந்த ஒப்பந்தத்தையும் இருவரிடம் தனித்தனியே காட்டிப் பொருள் கேட்கிறான், இருவர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் கையெழுத்திடுகிறான். எண்களை உச்சத்துக்கு ஏற்றாதவர் குழுவுக்குப் பாரம் என்று அதட்டும் பழைய ஆட்டக்காரர்களின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். எல்லாவற்றிலும் தேறும் பாத்திரத்துக்கு இப்படி இன்னொருவரை நாடும் தேவையே வருவதில்லை.

குணத்தையே எண்ணாக்கிய ஆட்டமும் உண்டு: ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றிய பெண்ட்ராகன் (1985), கிரெக் ஸ்டாஃபோர்டின் ஆக்கம். அதில் 13 எதிரெதிர் குணச் சோடிகள். ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகையும் 20. தாராளம் 16 என்றால் சுயநலம் 4. சபலம் தட்டும் வேளைகளில் பகடையே தீர்ப்புச் சொல்லும். நடத்தைக்கேற்ப இந்த எண்கள் ஏறி இறங்குவது அதன் தனிச்சிறப்பு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குத் திரும்பினால், ஆறு திறன்களில் வசீகரத்தில்தான் தகராறு அதிகம். வாய்ச்சாலக்காரர் அதை 8-இல் விட்டுவிட்டு, தன் சொந்தப் பேச்சாலேயே காவலனை மயக்கிவிடுகிறார். கூச்ச சுபாவமுள்ளவர் 16 வைத்தும் தோற்கிறார். கதையை நடத்துபவர் பேச்சின் அழகை விட்டுவிட்டு, காவலனிடம் என்ன முன்வைக்கப்படுகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். நோயுற்ற மகனுக்கு மருந்து தருவதாக ஒரே வரியில் சொன்னாலும் அது வலுவான வாதம். 15 எட்ட வேண்டியதை 10 ஆக்கலாம். அதன்பின் பகடையை உருட்டி, பாத்திரத்தின் வசீகரத்துக்கு உரியதைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.