நோயுற்றவரின் அருகில் இருப்பவர்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிகளிலும், இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்கே கணவன் மனைவியரில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால், திருவனந்தபுரத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்திற்கோ, எல்லை தாண்டிக் கோவைக்கோ மதுரைக்கோ செல்ல நேர்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் 5 நாட்கள் வீதம் பல வாரங்கள் நீடிக்கும். அத்தனை நாட்களும் உடன் இருப்பவர் தமது கூலியை இழந்து, அறியாத ஊரில் அறை எடுத்துத் தங்கிப் பணிவிடை செய்ய வேண்டும். அவரைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை.

இத்தகையோர் காசிப்பூரை நினைத்துப் பார்க்கலாம். 1885இல் ஸ்ரீராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்காகக் கல்கத்தாவின் சியாம்புகூரில் எடுத்த வீட்டில் பெண்களுக்கெனத் தனி இடம் இல்லை. அன்னை ஸ்ரீசாரதாதேவியார் பிறர் எழுமுன் நீராடிவிட்டு, மொட்டைமாடிப் படியருகே இருந்த சிறிய இடத்தில் பகல் முழுவதும் தங்கிப் பத்திய உணவு சமைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அனைவரும் காசிப்பூர் தோட்ட வீட்டிற்குச் சென்றனர். அங்கே ஒருநாள் பால் கிண்ணத்துடன் படியேறுகையில் அன்னைக்குத் தலை சுற்றியது. விழுந்து கணுக்கால் பிசகியது. சில நாட்கள் அவரால் மாடிக்குச் செல்ல இயலவில்லை. உணவூட்டும் பணியை மற்றவர்கள் ஏற்றனர்.

பக்தர்கள் பலமுறை படித்த நிகழ்ச்சிதான் இது. ஆயினும், விழுந்தவர் நோயாளி அல்லர், பணிவிடை செய்தவர் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நரேந்திரர் முதலிய இளைஞர்கள் முறை வைத்து இரவில் விழித்திருந்தனர். இல்லறச் சீடர்கள் செலவை ஏற்றனர். அன்னையும்கூட அப்பாரத்தைத் தனியே சுமக்கவில்லை.

குருதேவர் 1886 ஆகஸ்ட் 16 அன்று மகாசமாதி அடைந்தார். அந்நாளில் இந்நோயைத் தீர்க்கும் மருத்துவம் இல்லை. இன்று பலர் குணமடைகின்றனர். ஆனால் குணமடைதல் மெதுவாகவே நிகழ்கிறது. சிகிச்சை முடிந்து பல மாதங்கள் வரை அயர்ச்சி நீடிக்கலாம். நாவில் சுவை மாறலாம். விரல்கள் மரத்துப் போகலாம். பார்க்க வருவோர் அதற்குள் குறைந்து விடுகின்றனர். 'எல்லாம் சரியாகிவிட்டதே, ஏன் இன்னும் படுத்திருக்கிறாய்?' என்ற கேள்வி வீட்டிற்குள்ளிருந்தே எழும். வாழ்க்கைத்துணையின் பொறுமைக்கு உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. உண்ணும்படி வற்புறுத்துவதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பது நல்லது. மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு நோயாளியே விடை சொல்ல இடம் தரவேண்டும். கீமோதெரபி நடைபெறும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், மாத்திரை கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுக வேண்டும். மலைத்தோட்டங்களில் வசிப்போர் இரவில் அழைத்தால் வரக்கூடிய வண்டியை முன்னரே பேசி வைத்திருப்பது அவசியம்.

கேரள அரசு 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டது. அதன்படி உள்ளாட்சி அமைப்புகளின் மூலம் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். இது இறுதிக்கால நோயாளிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிப் பலர் கேட்கத் தயங்குகின்றனர். அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. செவிலியர் வரும் நாளில், நோயாளியைப் பார்த்து முடித்தபின், பல மாதங்களாகச் சரியாக உறங்காத துணைவரின் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும்படி அவரிடம் கேட்கலாம்.