திறப்பு விழா லோடு

எஸ்டிமேட் போட உட்காரும் முன் கடை முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "மூணு வருசம் கழிச்சு இங்க இன்னும் என்னென்ன வைப்பீங்க?" பாதிப் பேர் சிரிப்பார்கள். "மொதல்ல கடை ஓடட்டுமுங்க" என்பார்கள். நியாயமான பதில்தான். ஆனால் காந்திபுரம், ஆர்.எஸ். புரம், ஒப்பணக்காரத் தெரு என்று கோயம்புத்தூர்க் கடைகளில் ஒயரிங் வேலை செய்து பழகியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். கடை ஓட ஆரம்பித்ததும் முதலாளி ஆளைக் கூட்டுவார், சரக்கைக் கூட்டுவார், ஏ.சி.யைக் கூட்டுவார். மெயினிலிருந்து வரும் கேபிள் மட்டும் திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி இழுத்ததாகவே கிடக்கும். எனக்கு வரும் போன்களில் பெரும்பங்கு இந்த இடைவெளியில் இருந்துதான் வருகிறது.

வீட்டு ஒயரிங் தெரிந்த ஆள் கடை ஒயரிங்கும் செய்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஒயரும் ஸ்விட்சும் ஒன்றுதான். லோடு ஓடுகிற விதம் வேறு. வீட்டில் மிக்சி ஓடும்போது அயர்ன் பாக்ஸ் ஓடாது, ஹீட்டர் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு, ஏ.சி., பிரிட்ஜ், பில்லிங் கம்ப்யூட்டர், வெளிபோர்டு எல்லாம் சேர்ந்து ஓடத் தொடங்கினால் ஒன்பதரை வரை நிற்காது. மூடிய டி.பி. பாக்ஸுக்குள் நெருக்கியடித்து நிற்கும் எம்.சி.பி.கள் அந்த மூன்றரை மணி நேரத்தில் ஒன்றையொன்று சூடாக்கி, தன் மேல் எழுதியிருக்கிற ஆம்பியர் வருவதற்கு முன்னாலேயே ட்ரிப் ஆகும். காலை பதினொரு மணிக்கு வந்து "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும் எலக்ட்ரீசியனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரத்தில் வந்து அளக்க வேண்டும். வேலையை ஷட்டர் இறங்கின பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பேக்கரியில் நடந்ததைச் சொல்கிறேன். விளக்குகள் விட்டுவிட்டு மங்குகின்றன, டிஸ்பிளே கூலரின் போர்டு அடிக்கடி போகிறது என்று கூப்பிட்டார்கள். ஈ.பி. வோல்டேஜ்தான் காரணம் என்று முதலாளி ஏற்கெனவே தீர்ப்பு எழுதி, ஸ்டெபிலைசரும் வாங்கி வைத்திருந்தார். டி.பி. மூடியைக் கழற்றியதும் மீன் கருகின மாதிரி ஒரு வாடை. சூடாகும் பிளாஸ்டிக்கின் வாடை அது. பழகின மூக்குக்கு மீட்டரே தேவையில்லை. டாங் டெஸ்டரைப் போட்டேன். ஆர் ஃபேஸில் 41 ஆம்பியர், ஒய்யில் 12, பி-யில் 9. நியூட்ரலில் 31. இரண்டு ஓவனும் ஆர் ஃபேஸிலேயே இருந்தன. முதல் ஓவனுக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்ததால் இரண்டாவதையும் அங்கேயே சொருகிவிட்டுப் போயிருக்கிறார் யாரோ.

மல்டிமீட்டரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓவன் ஹீட்டர் கட்-இன் ஆகும் ஒவ்வொரு முறையும் ஆர் ஃபேஸ் வோல்டேஜ் இறங்கியது. அதே நொடியில் பி ஃபேஸ் ஏறி 260ஐத் தாண்டியது. ஈ.பி.யில் வோல்டேஜ் குறைந்தால் மூன்றும் சேர்ந்து குறையும், அல்லது ஒன்று மட்டும் குறையும். ஒன்று இறங்க இன்னொன்று ஏறினால் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலைத்தான். மெயினை ஆஃப் செய்து நியூட்ரல் பாரைப் பார்த்தால் உள்ளே வரும் ஒயரின் ஸ்க்ரூ அரைச் சுற்று லூஸ். கறுப்பு இன்சுலேஷன் அந்த இடத்தில் பழுப்பாகி, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஸ்க்ரூ முழுதாகக் கழன்றிருந்தால் லோடு குறைவாக இருந்த ஃபேஸில் 300, 350 என்று ஏறி, கூலர், கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் ஒரே நிமிடத்தில் போயிருக்கும்.

பழைய பாரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டு, ஒயரைப் பளபளப்பான செம்பு தெரிகிற வரை வெட்டி, லக் வைத்து கிரிம்ப் செய்து, ஓவன்களை வேறு வேறு ஃபேஸுக்குப் பிரித்தோம். மறுநாள் சாயங்காலம் அளந்தபோது 22, 20, 20. கணக்குப்படி நியூட்ரலில் 2 ஆம்பியர்தான் வர வேண்டும், 7 காட்டியது. அந்த மிச்சம் எல்.இ.டி. டிரைவர்களும் கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளும் செய்யும் வேலை. இவை மின்சாரத்தைத் துண்டு துண்டாக உறிஞ்சுவதால் உண்டாகும் மூன்றாம் ஹார்மோனிக், மூன்று ஃபேஸையும் சமன் செய்தாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் நியூட்ரலில் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் ஆபீஸ், மொபைல் ஷோரூம் மாதிரி இடங்களுக்கு மூன்றரை கோர் கேபிள் போடச் சொன்னால் நான் யோசிப்பேன். 50 ஸ்கொயர் மூன்றரை கோரில் நியூட்ரல் 25 ஸ்கொயர்தான். மோட்டார் ஓடும் பட்டறைக்கு அது போதும். விளக்கும் கம்ப்யூட்டருமே லோடாக இருக்கும் இடத்துக்கு நான்கு கோரும் முழு அளவு. விலை கூடும் என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ட்ரிப் ஆகும் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போடும் பழக்கம் சின்ன நியூட்ரலைவிட ஆபத்தானது. "16 ட்ரிப் ஆகுதுன்னு 32 போட்டுட்டோமுங்க, இப்ப பிரச்சினையே இல்ல" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். எம்.சி.பி. இருப்பது ஏ.சி.யைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் போகிற ஒயரைக் காப்பாற்ற. 2.5 ஸ்கொயர் ஒயரை நான்கைந்து ஒயரோடு ஒரே பைப்பில் இழுத்திருந்தால் அது 20 ஆம்பியர் பக்கத்திலேயே திணறும். அதன் தலையில் 32 வைத்தால், எம்.சி.பி. விழித்துக்கொள்ளும் முன் ஒயர் வெந்துவிடும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்றால் இரண்டே வழி: லோடைப் பிரித்து வேறு சர்க்யூட்டுக்குக் கொண்டுபோவது, அல்லது 4 ஸ்கொயர் இழுத்து அதற்கேற்ற எம்.சி.பி. போடுவது. முதல் வழிக்கு டி.பி.யில் காலி இடம் வேண்டும். அதனால்தான் புது டி.பி. வாங்கும்போது இன்றைய தேவைக்கு மேல் நான்கில் ஒரு பங்காவது காலியாக விடச் சொல்கிறேன். காலி இடத்துக்குக் காசா என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்று வருசக் கேள்வியைத் திரும்பக் கேட்பேன்.

மழைக்காலம் வந்தால் வெளிபோர்டு பஞ்சாயத்து. ஏ.சி.பி. ஷீட்டுக்குள் எல்.இ.டி. மாட்யூல், பின்னால் டிரைவர், அதற்குள் எறும்புக் கூடு, சில நேரம் பல்லி. போர்டு வைக்கிறவர்கள் கேபிளை மேல்பக்கமாகத் துளை போட்டு நுழைத்திருப்பார்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். மழை பெய்ததும், கசிவைக் கண்டு லைனை அறுக்கும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகி, மொத்தக் கடையும் இருட்டாகும். பில் போடும் நேரத்தில் இப்படியானால் யாருக்குத்தான் கோபம் வராது? உடனே யாரையோ கூப்பிட்டு ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடுவார்கள். ஒரு கடையில் டி.பி.யைத் திறந்தால் ஆர்.சி.சி.பி. அழகாக ஆன் பொசிஷனில் இருக்கிறது. உள்ளே வரும் ஒயரும் வெளியே போகும் ஒயரும் அதற்குப் பின்னால் நேராக முறுக்கப்பட்டிருக்கின்றன. டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், அசையவே இல்லை. இந்தப் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள். அதற்கு எலக்ட்ரீசியன் வேண்டாம்.

வெளிபோர்டுக்குத் தனி ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் சேர்ந்தது) கொடுத்துவிட்டால் பஞ்சாயத்து முடிந்தது. அது ட்ரிப் ஆனால் போர்டு மட்டும் அணையும், கடை ஓடும். டிரைவர்களைத் தண்ணீர் புகாத பெட்டியில் கடைக்குள்ளேயே வைத்துவிடலாம். கேபிளைக் கீழ்ப்பக்கமாக நுழைத்து, நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் சொட்டுகிற தண்ணீர் அங்கேயே விழுந்துவிடும்.

ஓட்டல் சமையலறையில் மட்டும் நான் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஈரத் தரை, வெறுங்கால், ஸ்டீல் மேஜை, மாவாட்டும் கிரைண்டர். உடம்பு வழியாகப் போகும் கசிவைப் பிடிக்க 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும், மெயினில் 300 மில்லி போட்டிருக்கிறோமே என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அது தீ பிடிப்பதைத் தடுக்க வைப்பது. அதோடு எர்த். "எர்த் குழி எங்கீங்க?" என்று கேட்டால், "அது மேல டைல்ஸ் போட்டாச்சுங்களே" என்று பதில் வந்திருக்கிறது. குழியைத் திறந்து அளக்கவும் முடியாது, தண்ணீர் ஊற்றவும் முடியாது. கிரைண்டரைத் தொட்டால் "லேசா சுர்ருங்குதுங்க, ஆனா ஒண்ணும் பண்ணாது" என்று மாஸ்டர் சொல்லும் சமையலறைகளில் பெரும்பாலும் பிளக்கின் மூன்றாவது பின் உடைந்திருக்கும், அல்லது எர்த் ஒயர் பிளக்குக்குள்ளேயே கழன்று கிடக்கும். அந்தச் சுர்ரை அலட்சியம் செய்கிற இடத்தில் நான் மற்ற வேலையைத் தொடங்குவதில்லை. புகைபோக்கி எக்ஸாஸ்ட் மோட்டார் மூன்று ஃபேஸாக இருந்தால் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் அவசியம். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே வெந்துவிடும். அது இருப்பதோ எண்ணெய்ப் பிசுக்கு படிந்த குழாயின் வாயில்.

ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றிப் பேசினால் இன்டீரியர் செய்கிறவர்களுக்கு என் மேல் கோபம் வரும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் நம்மாட்களுக்கு இன்சுலேஷன் டேப் ஒன்றே போதும். ஜிப்சம் ஷீட்டுக்கு மேலே ஒயரை முறுக்கி டேப் சுற்றி அப்படியே விட்டிருப்பார்கள். மேலே 50 டிகிரி வெப்பத்தில் இரண்டு கோடையில் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும். ஜாயின்ட் எல்லாம் பெட்டிக்குள், கனெக்டரோடு இருக்க வேண்டும். அதற்கு நேர்கீழே கை நுழைகிற ஒரு கதவு. இதைச் சீலிங் மூடும் முன் முதலாளி நின்று போட்டோ எடுத்துவைத்தால் பிற்பாடு கொத்தித் தேட வேண்டாம். 2017 மே கடைசியில் சென்னை தி. நகரில் ஏழு மாடித் துணிக்கடைக் கட்டிடம் தீயில் எரிந்து, பிறகு இடித்துத் தள்ளப்பட்டபோது இங்கே ஜவுளிக்கடைக்காரர்கள் பலரும் திடீரென்று கேபிளைப் பற்றிக் கேட்டார்கள். தெர்மல் கேமரா கொண்டுவந்து பேனலைப் படம் எடுக்கச் சொன்னார்கள். தீபாவளி வந்ததும் அந்த அக்கறை சீரியல் லைட்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடுவதில் போய் முடிந்தது.

காகித விஷயமும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். அனுமதி வாங்கிய லோடுக்குக் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் என்பதால் பலர் குறைத்தே எழுதித் தருவார்கள். 10 கிலோவாட்டுக்கு வாங்கிய சர்வீஸில் 18 ஓடும். மேல்மாடி வீட்டு சர்வீஸிலிருந்து ஒரு ஒயரைக் கடைக்கு இறக்குபவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அதற்கு இரண்டு மடங்குக் கட்டணம். லோடைக் கூட்டி எழுதிக் கேட்பது கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாத ஆளிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மட்டும் என்னைத் தேடி வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

வேலை முடிந்ததும் டி.பி. கதவின் உள்பக்கம் ஒரு சார்ட் ஒட்டுவது என் வழக்கம். எந்த எம்.சி.பி. எதற்கு, எந்த ஃபேஸ், எந்த அளவு ஒயர், எங்கே ஜாயின்ட். அடுத்து வருகிற எலக்ட்ரீசியன் நானாக இல்லாமல் இருக்கலாம். சார்ட் இருந்தால் இரண்டாவது ஓவனை எங்கே சொருகலாம் என்று அவர் பார்த்துக்கொள்வார். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் ரீடிங், எர்த் ரீடிங் இரண்டையும் தேதியோடு எழுதிவைப்பேன். மெகர் போடும் முன் கம்ப்யூட்டர், டிரைவர், கேமரா எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஞாபகப்படுத்துங்கள். 500 வோல்ட் அவற்றுக்கு ஆகாது.

எப்போது இந்த வேலைகளை வைத்துக்கொள்வது? கல்யாண மண்டபங்களுக்கு ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் முகூர்த்தம் இல்லை, ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவரையே கழற்றிப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஜவுளிக்கடையில் ஆடியில் கால் வைக்க முடியாது, தள்ளுபடிக் கூட்டம். அவர்களுக்கு ஆவணிதான் தோது, தீபாவளிக்குள் முடித்துவிடலாம். மெயின் ஸ்விட்சின் வரும்பக்கம் வேலை இருந்தால் ஈ.பி. பராமரிப்பு மின்தடை நாளுக்குக் காத்திருப்போம். பேப்பரில் வரும், பெரும்பாலும் காலை 9 முதல் மாலை 4 வரை. அறிவிப்பை நம்பி அப்படியே கை வைப்பதில்லை. கட்-அவுட்டை உருவி, டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்த்த பிறகுதான். பக்கத்துக் கடையின் ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவர் இல்லாமல் திருப்பி ஊட்டிக்கொண்டிருந்தால் செத்த லைனிலும் கரண்ட் இருக்கும். ஒரு தெருவுக்கே ஒரே நாள்தான் மின்தடை என்பதால் அன்று எல்லாக் கடைக்காரர்களும் என்னையே கூப்பிடுவார்கள். டேட் வேண்டுமென்றால் பேப்பரில் அறிவிப்பு வருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.