மனு நிராகரிக்கப்பட்டதா? அமெரிக்க முன்னாள் படைவீரர் வீட்டாருக்கு

ராணுவப் பணியில் ஏற்பட்ட பாதிப்பால் நிலையான வேலையில் இருக்க முடியாதவருக்கு, பாதிப்பு மதிப்பீடு 100 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் முழு உதவித்தொகை தர அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மனு நிராகரிக்கப்பட்டால் மனம் நொந்துதான் போகும். ஆனாலும் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். காரணமும் தேதியும் அதில்தான் இருக்கின்றன. அந்தத் தேதியிலிருந்து 1 வருடத்துக்குள் மறுபடி கேட்டு ஜெயித்தால், பழைய மனுவின் காலத்திலிருந்தே நிலுவை பெற வாய்ப்பு உண்டு.

மறுபடி கேட்க மூன்று வழிகள் உண்டு. புதிய சான்று இருந்தால் துணை மனு. இருக்கிற ஆவணங்களையே சரியாகப் பார்க்கவில்லை என்றால் மேல்நிலை மறுஆய்வு. இதில் புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவது வழி, மேல்முறையீட்டு வாரியம்.

சான்று வலுவில்லை என்றால் முதல் வழியே நல்லது. 'வேலை செய்ய இயலாதவர்' என்று டாக்டர் ஒரு வரி எழுதினால் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, மருந்து எப்படிச் சோர்வாக்குகிறது, மாதத்தில் எத்தனை நாள் படுக்கையில் போகிறது என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய முதலாளி, மனைவி எழுதும் கடிதங்களும் சான்றுதான். வயதைக் காரணம் காட்டாதீர்கள், அது கணக்கில் வராது.

இந்த முழு உதவித்தொகைக்கு, ஒரே பாதிப்புக்கு 60, அல்லது பல சேர்ந்து 70 சதவீதம் (அதில் ஒன்றாவது 40) என்பது பொது விதி. அதை எட்டாதவர்களும் சிறப்புப் பரிசீலனை கேட்கலாம்.

அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்கள் மனு எழுத இலவசமாக உதவும். உயிரே வேண்டாம் என்று தோன்றினால் உடனே 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். இரவானாலும் பகலானாலும் பேச ஆள் உண்டு.